லாபிஸிலிருந்து வந்த விசில் சத்தம்

என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே உள்ள கூலாயில் ஒரு மோட்டார் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். கடை என்று சொன்னாலும் அங்கே வண்டி விற்பதில்லை, பழுது பார்ப்பது மட்டுமே. நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை? இணையத்தில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கி, அதைக் கவனிப்பதை என் வேலையாக்கிக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் விளம்பரப் படங்களாகப் போட்டுத் தள்ளினேன். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகளை எடுத்து, சிவப்பும் மஞ்சளுமாக எழுத்தைப் பதித்து, 'எண்ணெய் மாற்றினால் செயின் சுத்தம் இலவசம்' என்று எழுதுவேன். தீபாவளிக்கு விளக்கு, நோன்புப் பெருநாளுக்கு ஓலையில் பொதிந்த கெத்துப்பாட் சோறு, சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. விருப்பம் தெரிவித்தவர்கள் மூன்று பேர்: என் நாத்தனார், என்னுடைய பழைய சூப்பர்வைசர், அப்புறம் நான்.

சிறு வியாபாரிகளுக்காகச் சமூக மண்டபத்தில் நடந்த ஒருநாள் வகுப்புக்கும் போய்ப் பார்த்தேன். பாடம் நடத்திய இளம்பெண் எல்லாரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் கடையில் மட்டும் இருப்பது என்ன என்று எழுதச் சொன்னாள். 'நியாயமான விலை' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த நாசி லெமாக் சோற்று வியாபாரியும் அதையே எழுதியிருந்தார். அவருக்கு அடுத்திருந்த தையல்கடைக்காரம்மாவும் அதையேதான். அந்தப் பெண் தாள்களைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் கடையில் மட்டும் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு நாள் முற்பகலில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். காலையிலிருந்து வண்டியில் ஏதோ சத்தம், வேலை முடிந்து எல்லைப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர முடியுமா என்று தெரியவில்லை என்றார். பேச்சுக்குப் பின்னால் அந்தச் சத்தமும் பதிவாகியிருந்தது. என் வீட்டுக்காரரின் கையெல்லாம் கிரீஸ். நான் கைப்பேசியை அவர் காதருகே பிடித்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடு" என்றார். கேட்டுவிட்டு, "செயின் தொங்கிப் போச்சு. மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லு, வந்துருவாரு" என்றார்.

சாயங்காலம் வண்டி வந்தது. செயின்தான்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சத்தமே சொல்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எனக்கு அது போதவில்லை. சரியில்லை என்று மட்டும் எழுதினால் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும் இடத்தில் இருந்து வந்தவள் நான். என்ன சரியில்லை, எங்கே, எவ்வளவு என்று எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு வண்டி வரும்போதும் அந்தச் சத்தம் எதைப் போல இருக்கிறது என்று அவரைக் கேட்டு நச்சரித்தேன். முதலில் எரிச்சல்பட்டவர் பிறகு ருசி கண்டுவிட்டார். தளர்ந்த செயின், பிஸ்கட் டின்னில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல. வால்வு இடைவெளி அதிகமானால் தையல் மெஷின். புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் சளி பிடித்த பூனை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் தலைக்குள் இப்படியொரு பட்டியல் இருப்பது எனக்குத் தெரியாது.

அந்தப் பூனையைத்தான் முதலில் போட்டேன். படம் இல்லை, வெறும் கறுப்புத் திரை. பத்து விநாடிச் சத்தம். கீழே தமிழிலும் மலாயிலும் 'இது என்ன சத்தம்?' என்று ஒரே ஒரு கேள்வி. மதியச் சாப்பாட்டுக்குள் பதில்கள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அளவுக்கு நீண்டுவிட்டன. பேரிங் லா என்றார் ஒருவர். இல்லை, கார்புரேட்டர் என்று இன்னொருவர் அவரோடு சண்டைக்குப் போனார். அலமாக், இது என் மாமியாரின் குறட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். இலவசம் என்று எழுதியபோது திரும்பிப் பார்க்காதவர்கள், ஓட்டைக் குழாயின் இருமலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஏன்? அதை யோசித்தபடியே வாரம் ஒரு சத்தம் போட்டேன். ஆட்கள் தங்கள் வண்டிச் சத்தங்களை அனுப்பத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் கேட்டு விடை சொல்லுவார், நான் அதைப் போடுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் புது முகங்கள் வந்தன.

அப்போதுதான், கூலாயிலிருந்து நூறு கிலோமீட்டர் இருக்கும் லாபிஸிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அனுப்பியவர் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று குரலில் தெரிந்தது. வேகம் அறுபதைத் தொட்டால் மெல்லிசாக விசிலடிக்கிறது, குறைத்தால் நின்றுவிடுகிறது, இரண்டு கடையில் காட்டியும் தெரியவில்லை என்றார். என் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். பின்சக்கர பேரிங் என்றார். நான் அப்படியே போட்டேன். நிறைய பேர் ஆமாம் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே பதிவின் கீழே அந்த அக்கா எழுதியிருந்தார்: 'தம்பி சொன்ன மாதிரி பேரிங் மாத்தியாச்சு. சத்தம் அப்படியே இருக்கு. என்னவா இருக்கும்?'

அதில் கோபம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாங்கள் சொன்னதை நம்பி நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டிருக்கிறார். பதிவை அழித்துவிடலாமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அழிக்காத. நாம போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"லாபிஸுக்கா?"

"வேற எங்க? எனக்கே தெரியணும்ல."

திங்கட்கிழமை கடையை மூடிவிட்டுக் காரில் கிளம்பினோம். யோங் பெங் வரை நெடுஞ்சாலை, அதற்கப்புறம் பழைய ரோடு. அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, அக்கா அனுப்பியிருந்த விசிலை மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

அக்காவின் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ஆள் ஒல்லி, நடை வேகம். நாங்கள் சத்தத்துக்காகவே வந்திருக்கிறோம் என்பதை நம்ப அவருக்குச் சற்று நேரமாயிற்று. என் வீட்டுக்காரர் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டார். அதை அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாமா, பார்த்துவிட்டுச் சாப்பிடலாமா என்றுதான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்து நேர்ரோட்டில் போய்விட்டு வந்தார். சத்தமே இல்லை என்றார். அக்கா ஓட்டிவிட்டு வந்து, கேட்கிறதே என்றார். மறுபடி இவர் போனார். இல்லை. எடை வித்தியாசமா, உட்காரும் விதமா என்று தலையைச் சொறிந்தார். என் வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, நான் அக்காவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். வேகம் ஏறியது. அறுபது.

"இப்ப பாருங்க, கேக்குதா? நல்லா கேக்குது" என்று அக்கா முன்னால் இருந்து கத்தினார்.

எனக்கு எஞ்சினும் காற்றும்தான் கேட்டன. ஒரே வண்டி, ஒரே வேகம், நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவருக்குக் கேட்பது எனக்குக் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் ஒரே பொருள் ஒருத்தி கையில் தேறி இன்னொருத்தி கையில் தோற்றால், நாங்கள் பொருளைத் திறந்து பார்க்க மாட்டோம். முதலில் இருவரும் அளக்கும் கருவியை மாற்றிக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். அக்காவிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அக்கா, உங்க ஹெல்மெட்ட நான் போட்டுக்கிறேன். நீங்க என்னோடத போட்டுக்குங்க."

திரும்பும் வழியில் வேகம் அறுபதைத் தொட்டதும் என் இடது காதோரம் மெல்லிசாக விசில் கிளம்பியது. முன்னால் அக்கா, "என்ன, நின்னு போச்சு?" என்றார். நான் அங்கேயே சிரித்துவிட்டேன்.

ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியைப் பிடித்திருக்கும் இடத்தில் ஒரு திருகாணி விழுந்துபோயிருந்தது. மிளகு அளவு ஓட்டை. அதில் காற்று புகுந்து ஊதியிருக்கிறது. எங்களுக்கு அனுப்பிய சத்தத்தை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள் கன்னத்தோடு சொருகிக்கொண்டுதான், அது தப்புதான், தெரியும் என்றார். என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு நறுக்கி ஓட்டையை அடைத்தார். அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ரோடு இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று கேட்டார்.

நாங்கள் மீன் குழம்போடு சாப்பிட்டோம். அதற்கு முன்பே என் வீட்டுக்காரர் வாசலில் குந்தி அந்த வண்டியின் செயின், பிரேக், எண்ணெய் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டிருந்தார். போதும் என்று அக்கா சொல்லச் சொல்ல நிறுத்தவில்லை.

இதை இணையப் பக்கத்தில் எப்படிப் போடுவது என்று திரும்பும்போது கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் பயம். காதைக் காட்டித்தானே கடைக்குப் பேர் வாங்கியிருந்தோம். அவர் ஓரமாகக் காரை நிறுத்தி, வீடியோ எடு என்றார். நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன். அதுவரை அவர் முகத்தை எங்கள் இணையப் பக்கத்தில் காட்டியதே இல்லை.

"நான் பேரிங்னு சொன்னேன். தப்பு. சத்தத்தக் கேட்டேன், ஆனா யாருக்குக் கேக்குது, எங்க வச்சுப் பதிவு பண்ணாங்கன்னு கேக்கல. கண்டுபிடிச்சது என் வீட்டம்மா" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

அதை அப்படியே போட்டேன். ஊரெல்லாம் பரவிவிடவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களுக்கு வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன. தங்கள் வண்டியிலும் தேவையில்லாமல் ஏதோ மாற்றினார்களே, அது சரியா என்று ஆட்கள் நீளமாக எழுதினார்கள். சிலர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டே கடைக்கு வந்தார்கள். ஒருவர் மூவாரிலிருந்து அழைத்து, வீட்டம்மா இருக்காங்களா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கிரீஸ் பட்ட கைப்பேசியைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

வகுப்பு நடத்திய பெண் என்னை ஒருமுறை பேசக் கூப்பிட்டாள். போனேன். வாடிக்கையாளர் பெருக வழி சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு வழி எதுவும் தெரியாது என்றேன். என் வீட்டுக்காரர் கண்ணைப் பாதி மூடிக் கேட்டதையும், அது எனக்குப் புரியாமல் போனதையும், ஒல்லியான ஒரு அக்காவின் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டியதையும் சொன்னேன். இட்லி மாவு விற்கும் ஒருவர், எங்க கடையில சத்தமே இல்லையே என்று கவலையோடு கேட்டார். அவர் மாவை வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று யாரையாவது கேட்டதுண்டா என்றேன். இல்லை என்றார். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் வாசலில் நின்று, புளித்த மாவைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.