பாதி நடக்கும் பள்ளிக்கூடம்

சாவி டீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து அதை விழுங்கிவிட்டது. முன்பு அவர் அரசுப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் நூலகத்தைத் திறப்பார்கள். “புத்தகம் படிக்கறதுக்கா, காட்டறதுக்கா?” என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். பேச்சு முற்றியது. வேலையை உதறிவிட்டு வந்து, கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலிருந்த இரண்டு மாடிகளில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பகலில் எந்த அறையையும் எவரும் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில் இருந்தன.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. சம்பளம்தான் நொண்டியது. ஆசிரியைகள் பாதிச் சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே டீச்சர் உறையை நீட்டுவார். அதனால், தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி தரப்போகிறது என்ற செய்தி வந்ததும் முதல் ஆளாகக் கல்வி அலுவலகத்தில் போய் நின்றார்.

“உதவி இல்லாம நடத்த முடியலைன்னு நிரூபிக்கணும் மேடம்” என்றார் அதிகாரி.

“முடியலை சார். அதான் வந்திருக்கேன்.”

“ஆனா தினமும் நடக்குதே?”

“நடக்குது.”

“அப்ப முடியுதுன்னுதானே அர்த்தம்?”

“சரி, மூடிட்டு வரட்டுமா?”

“மூடின பள்ளிக்கூடத்துக்கு எப்படி மேடம் உதவி குடுக்கறது?” அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

டீச்சர் வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினார். அவர் ஒரு கண்ணாடியை ஊதித் துடைத்துக்கொண்டே, “அப்ப பாதி நடத்து” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். டீச்சர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிகாரி ஆய்வுக்கு வந்த நாளில் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பிள்ளைகள் பெஞ்சில் இருந்தார்கள், மீதிப் பேர் மாடிப்படியில். கரும்பலகையில் கூட்டல் கணக்குகளுக்கு விடை இல்லை. அறிவியல் ஆசிரியை “பூமி சூரியனை...” என்று தொடங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரியால் பொறுக்க முடியவில்லை.

“சூரியனை என்னம்மா? சுத்தி வருதா, இல்லையா?”

“அது உதவி வந்தப்புறம் சார்” என்றாள் முதல் பெஞ்சுச் சிறுமி.

அதிகாரி சிரிக்கவில்லை. ‘பள்ளி நடக்கிறது, ஆனால் முழுமையாக அல்ல’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். உதவி கிடைத்துவிட்டது.

வந்தது ஓர் ஆள். நெடுநெடுவென்று வளர்ந்தவர், கையில் பெட்டி, தோளில் குடை. நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்க்க வந்த கண்காணிப்பாளர். அவருக்குத் தனி அறை தர வேண்டும் என்பது உத்தரவு. மூன்றாம் வகுப்பு மாடிப்படித் திருப்பத்துக்குக் குடிபெயர்ந்தது.

“செலவு பண்ணுங்க மேடம், பாக்கறேன்” என்றார் அவர்.

“பணம் எங்க சார்?”

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “என் சம்பளம், மேசை, மின்விசிறி எல்லாம் அந்த நிதியிலேர்ந்துதான். போக மீதி ஒண்ணும் இல்ல. பணம்னா... அது நான்தாங்க.”

டீச்சர் கீழே இறங்கிக் கடையின் பின்கட்டில் போய் உட்கார்ந்தார். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையா இருக்கு” என்றார் டீச்சர். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டீச்சருக்கு அழுகைதான் வந்தது.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான். நேரத்துக்கு வருவார், உட்கார்ந்திருப்பார், நேரத்துக்குப் போவார். வேலை இல்லாத கூச்சத்தில் எதிரே வருகிற பிள்ளைகளுக்குக்கூட வணக்கம் சொல்வார். இப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தபோது கணக்கு ஆசிரியைக்கு முழுச் சம்பளத்தில் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. கண் கலங்கி விடைபெற்றுப் போனார். பாதிச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் அலைந்த டீச்சர், கடைசியில் கண்காணிப்பாளரின் அறைக்குள் நுழைந்தார்.

“சார் என்ன படிச்சிருக்கீங்க?”

“கணக்கு.”

“எந்திரிங்க.”

“ஐயோ மேடம், கண்காணிக்கிறவன் வேலையில கலந்துக்கக் கூடாது. விதி இருக்கு.”

“நீங்கதானே பணம்னு சொன்னீங்க? இப்ப உங்களச் செலவு பண்றேன். சரியா செலவாகுதான்னு கூடவே பாத்துக்கங்க.”

அவர் எழுந்து நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதல் நாள் பாடத்தில் வியர்த்துக் கொட்டியது, சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது. ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு, அவருடைய மேசையைச் சுற்றித் தன் பழைய அறைக்கே திரும்பியது. கணக்கு ஆசிரியையின் சம்பளத்தை டீச்சர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பாதி என்பது முக்காலைத் தொடவில்லை. ஆனாலும் அந்த மாதம் அவர் ஆசிரியைகளின் முகத்தைப் பார்த்து உறையைக் கொடுத்தார்.

மாதந்தோறும் கண்காணிப்பாளர் அறிக்கை அனுப்பினார்: ‘கணக்கு ஆசிரியர் நேரத்துக்கு வருகிறார். பொறுமைசாலி. கையெழுத்து சுமார்.’ மேலிடம் மகிழ்ந்தது. மகிழ்ச்சியில் இரண்டாம் கட்ட உதவியையும் அறிவித்தது: கண்காணிப்பாளரைக் கண்காணிக்க இன்னொருவர்.

டீச்சர் அன்றைக்கே பதில் எழுதினார்: ‘மிக்க நன்றி. வருகிறவர் இசையோ ஓவியமோ தெரிந்தவராக இருந்தால் நல்லது.’