ஸக்கியா கீறிய கண்ணாடி

கட்டுகஸ்தோட்டை ஸக்கியா கீறிய ப்ளேன்படி ஒரு வீடாவது எழும்பியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பாவம், அவள் முகம் தொங்கிப்போகும். ஆர்க்கிடெக்ட் என்று பேர்தான். வளைவு வைத்தால் வீட்டுக்காரர் சதுரமாக்குவார். ஜன்னல் வைத்த இடத்தில் அவருடைய மச்சான் வந்து அலுமாரிக்கு இடம் கேட்பார். எல்லாத்துக்கும் தலையாட்டித் தலையாட்டி மனுஷிக்கு வெறுத்தே போய்விட்டது. தான் கீறினது கீறினபடி ஒன்றாவது இந்தத் துன்யாவில் நிற்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேறென்ன கேட்டாள் அவள்?

அந்த ஆசையில்தான் பல்லேகலையில் கண்ணாடி ஊதும் காளிமுத்துவையும் அவர் கூட்டாளி அரூஸையும் தேடிப் போனாள். மகாவலி ஆறு வளைந்து திரும்புகிற மாதிரி முறுக்கின ஒரு கண்ணாடிச் சிற்பம், கண்டியில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு. அவள் மனதில் இருந்தது இடுப்புயரம். மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிறம் பேசினார்கள், கனம் பேசினார்கள், முறுக்கைப் பற்றிச் சண்டைகூடப் போட்டார்கள். உயரத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அவளுக்கு எதையும் சுருக்கிக் கீறித்தான் பழக்கம்; இதையும் தாளில் பாதியளவாகத்தான் கீறிக் கொடுத்திருந்தாள். வீட்டை யாராவது வீட்டளவு தாளிலா கீறுவார்கள்? அவர்களுக்கோ தாளை உலைக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, சுடச்சுடக் கண்ணாடியை அதற்கு நேரே பிடித்துப் பார்த்துச் செய்துதான் பழக்கம். தாளில் இருப்பதுதான் அளவு.

ஊதின அன்று ஸக்கியா கடுகண்ணாவையில் ஒரு கொங்கிறீட் வேலையில் மாட்டிக்கொண்டாள். ஆறவைக்கிற அடுப்பைத் திறக்கும்போதுதான் வந்து சேர்ந்தாள். உள்ளே முழங்காலைத் தாண்டாத ஒரு குட்டி!

யா அல்லாஹ், இதென்ன பூச்சாடியா என்று கத்தியே விட்டாள். அரூஸ் பேயறைந்த மாதிரி நின்றான். காளிமுத்துவுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய தாளை மேசையில் விரித்து, கண்ணாடியைத் தூக்கி அதன்மேல் படுக்கவைத்தார்.

ஸக்கியா குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு மேல் கோடாக உட்கார்ந்திருந்தது. பென்சில் வழுக்கி அவள் அழிக்க மறந்த ஒரு சின்ன நெளிவுகூடக் கண்ணாடியில் அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

"இன்னொன்னு பெருசா ஊதிருவோம் மிஸ்," என்றார் காளிமுத்து, கோபம் கொஞ்சம் இறங்கி.

"அது பொறகு. கண்காட்சிக்கு இதுதான் போகும்," என்றாள் அவள், அந்த நெளிவை விரலால் தடவிக்கொண்டே. "இத்தன வருஷத்துல நான் கீறினத மாத்தாம செஞ்சு தந்தது நீங்க ரெண்டு பேரும்தான்."