குதிரைக்கு எண்பது மாத்திரை

கன்னியப்பன் போன் செய்தபோது நான் கடையில் காலாவதியான மருந்துகளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்தவுடனே, "அண்ணா, நம்ம டாக்டரம்மா பூட்டாங்க" என்றார். மாடம்பாக்கத்தில் மகள் வீட்டில், காலைக் காபியைக் குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். கொடுத்துவைத்த சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவருக்கு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

டாக்டர் வசந்தாவை அறிந்த உங்களுக்கு அந்த மொபெட்டும் ரப்பர் பூட்ஸும் நினைவிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துக்கு வந்தார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தனி மருந்துக்கடை கிடையாது அப்போது. மனிதர்களுக்கு விற்கும் மருந்தைத்தான் என் கடையில் வாங்கிப் போவார், அல்லது சீட்டு எழுதி அனுப்புவார். அவர் கால்நடை டாக்டர் என்று எனக்குத் தெரியாதபோது வந்த முதல் சீட்டில் 'லட்சுமி, வயது ஆறு' என்று இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு மருந்து தாங்காதே என்று நான் பொறுப்பாகக் கேட்டேன். "தாங்கும் சார். பிள்ளைக்கு ரெண்டு கொம்பு இருக்கு" என்றார். கடையில் நின்றவர்கள் முன்னால் என் மானம் போயிற்று.

மனிதர்கள் யாராவது தலைவலி, கால்வலி என்று அவரிடம் யோசனை கேட்டால், "நான் நாலு கால் டாக்டர், ரெண்டு காலுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவிடுவார். என் மனைவி கல்யாணிக்கு நெடுநாளாக வீசிங் உண்டு. அதற்கும் அதே பதில்தான். ஆனால் கடைக்கு வரும்போதெல்லாம் முதல் கேள்வி, "வீட்ல மூச்சு எப்படி இருக்கு?" என்பதுதான்.

எண்பதுகளின் கடைசியில் கன்னியப்பனின் குதிரைக்கு மூச்சு முட்டியது. கன்னியப்பன் கீழ்க்கட்டளைக்காரர். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவர் தொழில். ராஜா என்று ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. அவருடைய ஐந்து பேர் குடும்பமும் அதன் முதுகில்தான் உட்கார்ந்திருந்தது. பல்லாவரத்தில் ஒரு ஊர்வலத்தில், மாப்பிள்ளை மேலே இருக்கும்போதே அது இருமத் தொடங்கி நிற்காமல் இருமி, தலைப்பாகை ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. "கொண்டுபோய்ச் சானடோரியம் டி.பி. ஆஸ்பத்திரியில சேருப்பா" என்று பெண்வீட்டார் கேலி செய்தார்கள். கன்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. நின்ற இடத்தில் நிற்கும்போதே அதன் மூக்குத் துளைகள் விரிந்து, வயிறு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா போய்ப் பார்த்துவிட்டு, ஆஸ்துமா என்றார். குதிரைக்குமா என்று கேட்டேன். கல்யாணிக்கு வருகிற அதேதான் என்றார். வைக்கோல் தூசியும் அதில் பூத்த பூஞ்சணமும்தான் காரணமாம். லாயத்தைக் காலி செய்து, குதிரையை வெளியே புங்க மரத்தடியில் மணல் போட்டுக் கட்டச் சொன்னார். வைக்கோலை நன்றாக நனைக்காமல் காட்டக்கூடாது என்றார். கூடவே இரண்டு மருந்துகள். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"மூச்சுக்குழாய் சுருங்கியும் இருக்கு, வீங்கியும் இருக்கு சார். சுருக்கத்துக்கு ஒண்ணு, வீக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து போகணும். சுருக்கத்தை மட்டும் எடுத்துவிட்டா, குதிரை நல்லாயிட்ட மாதிரி நடிக்கும். நாமளும் நம்பிடுவோம்."

சீட்டைக் கன்னியப்பன் கொண்டுவந்தார். வீக்கத்துக்கான மருந்து ஸ்டீராய்டு. ஒரு வேளைக்கு எண்பது மாத்திரை என்று எழுதியிருந்தது. அதே மாத்திரையை நாளுக்கு நான்கு தின்றுதான் கல்யாணியின் முகம் பூசணிக்காய் போல ஊதி, கண்ணாடி பார்ப்பதையே அவள் விட்டிருந்தாள். எண்பதா? அவசரத்தில் ஒரு சைபர் கூடிப்போயிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவரைத் தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுருக்கத்துக்கான மருந்தை எழுதியபடி கொடுத்துவிட்டு, ஸ்டீராய்டை வேளைக்கு எட்டு என்று கவரில் குறித்துக் கொடுத்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக அன்று இரவு கல்யாணியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் ராஜா தேறியது. கன்னியப்பன் வந்து சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் படுத்துவிட்டது. டாக்டரம்மா தினமும் போனார். மணல் மாற்றினார்களா, வைக்கோல் நனைகிறதா என்று எல்லாம் பார்த்தார். மருந்து சரியாகக் கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு, "கடைக்காரண்ணா சொன்னபடிதாம்மா குடுத்துகினுகீறேன்" என்று கன்னியப்பன் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. என் மேல் டாக்டரம்மாவுக்கு இருந்த நம்பிக்கையில் கவரை வாங்கிப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மொபெட் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "என் வைத்தியம் தோத்துப்போச்சு ராகவன் சார். அது மூச்சுக்குப் படற பாட்டைப் பார்க்க முடியல. நாளைக்கு ஊசி போட்டு முடிச்சிடறேன்னு கன்னியப்பன்கிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு முன்போ பின்போ அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நாக்கு நிற்கவில்லை. எட்டுதான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "ஸ்டாக் எவ்ளோ இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார். கடையைச் சாத்தச் சொல்லி, என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டார். மேடவாக்கம் வழியாகக் கீழ்க்கட்டளை போனோம். எண்பது மாத்திரையையும் என் கையாலேயே பொடித்து, வெல்லத்தில் பிசைந்து, பசும்புல்லில் சுருட்டி ஊட்டச் சொன்னார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையைக் குதிரையின் விலாவில் வைத்தார். உள்ளே விசில் கேட்டது. ராத்திரியில் என் பக்கத்தில் படுத்திருப்பவளின் அதே விசில். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பயம் தப்பில்ல சார். பயந்தா கேட்கணும்" என்றார். அந்த விஷயத்தில் அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

ஊசியைத் தள்ளிப்போட்டார். நாலைந்து நாளில் ராஜா எழுந்து நின்றது. இரண்டு வாரத்தில் இருமல் அடங்கியது. பிறகு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கே ஊர்வலம் போயிற்று. அதற்கப்புறம் தொண்ணூறுகளின் நடுவில் முதுமையில் சாகும்வரை அது நனைத்த வைக்கோலைத்தான் தின்றது. டாக்டரம்மா மட்டும் எனக்கு அனுப்பும் சீட்டுகளில் எண்ணை எழுத்தாலும் எழுதி, பக்கத்தில் 'சரிதான், குறைக்க வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினார். ஓய்வு பெறும்வரை இப்படிச் சீட்டிலேயே என்னைக் கேலி செய்வதை விடவில்லை. அதைப் பார்த்துக் கல்யாணி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆனால் கன்னியப்பனிடம் நான் சொல்லவே இல்லை. மருந்தின் அளவை மாற்றியிருக்கிறோம் என்றுதான் டாக்டரம்மா அன்று என் எதிரில் அவரிடம் சொன்னார். நானும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவர் கடைக்கு வந்து "அண்ணா" என்று கூப்பிடும்போதெல்லாம் முள் குத்தும். எடுத்து வெளியே போடத் தைரியம் வரவில்லை.

மாடம்பாக்கத்தில் டாக்டரம்மாவை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, வாசல் பந்தலில் நானும் கன்னியப்பனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். இனி சாட்சி சொல்லவும் ஆள் இல்லை, இன்றைக்கும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். குதிரை அந்தப் பத்து நாள் பட்ட பாடு என்னால்தான் என்றேன்.

கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெரியும்ணா" என்றார். "மறாநாளே டாக்டரம்மா வூட்டாண்ட வந்து சொல்லிட்டாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு அவங்க, 'தப்ப அவரே ஒத்துக்கினாரு. இனிமே அந்த ஆளு மாதிரி பாத்து மருந்து குடுக்க ஊர்ல வேற யாரும் இருக்க மாட்டாங்க. வேற கடைக்குப் பூடாத'ன்னாங்க."

கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரம் வருவதற்குள் எத்தனை மருந்துக்கடை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பேத்திக்குக் காய்ச்சல் மருந்து என்றாலும் மனிதர் இரண்டு பஸ் மாறி என்னிடம்தான் வருகிறார். எனக்கு ராசியான வாடிக்கைக்காரர் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா எனக்கென்று விட்டுப்போனது கன்னியப்பனைத்தான்.