மாமனார் வீட்டு லாரி

எனக்குப் பெண் பார்த்த தரகர், பெண் வீட்டாருக்குச் சொந்தமாக லாரி இருக்கிறது என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்களுடைய தக்காளித் தோட்டத்தின் ஓரமாக, கருங்கற்களின் மேல் அது உட்கார்ந்திருந்தது. மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி. டயர் கிடையாது. டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்தது, பக்கப் பலகையில் வரட்டி காய்ந்தது. பெயின்ட் என்று ஒன்று இருந்த காலத்தில் அது என்ன நிறம் என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது.

பெண் பார்த்தது கோயிலிலும், நிச்சயதார்த்தமும் கல்யாணமும் ஊருக்குள் மண்டபத்திலும் நடந்ததால் என் அப்பா இதைப் பார்க்கவில்லை. சம்மந்தி லாரி வைத்து ஓட்டுகிறார் என்று கோவில்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மறுவீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஓடுமா என்று கேட்டார்.

"ஓடின வண்டிதானுங்க" என்றார் என் மாமனார்.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், மண்டியில் கன்னடம் பேசுவார், எங்களிடம் தமிழ் பேசுவார். மூன்றிலும் நேர்பதில் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவர்.

நான் ஓசூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். தலைமுடி கனத்தில் ஒரு சிறு பங்கு கூடினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புவது என் வேலை. கல்யாணமாகி சில வருடங்கள் கழித்து, பெங்களூர்க்காரர்கள் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிலம் விலை கேட்கத் தொடங்கிய காலத்தில், மாமனார் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார். மனை பிரித்தவர்கள் நட்ட கலர் கொடிகள் லாரியின் மூக்கு வரைக்கும் வந்துவிட்டன. அந்த வாரமே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, நீங்க மெஷினு படிச்சவரு. எங்க கையில கெடந்து வீணாப் போவுது. எடுத்துக்கினு போயி ரெடி பண்ணிக்குங்க. உங்களுக்குன்னுதான் வெச்சிருந்தேன்."

எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. என் மனைவிக்கு நெகிழவில்லை. அப்பா நல்ல பொருளை யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை என்று, அவர் கிளம்பிய பிறகு சொன்னாள்.

லாரியை இன்னொரு லாரியில் ஏற்றித்தான் ஓசூருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வழியெல்லாம் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். எங்கள் வாடகை வீட்டை ஒட்டிய காலி மனை வீட்டுக்காரருடையது. அங்கே வீடு கட்டும் வரை நிறுத்திக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார். அவர் மனைவி மறுநாளே பாகல் கொடியை அதன் மேல் ஏற்றிவிட்டார்.

காயலான் கடைக்காரர் ஒருவர் தானாகவே வந்து பார்த்தார். எடைக்குப் போடுங்கள், இன்றைக்கே வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் கோபப்பட்டேன். இது பழைய இரும்பு இல்லை, பழுதான வண்டி என்று அவருக்கு விளக்கினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே விலைதான் என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் லாரிக்குப் போயின. என்னோடு வேலை செய்யும் கன்னடக்கார நண்பர் ஒருவர், வெல்டிங் பிரிவில் இருப்பவர், முழு மனதோடு சேர்ந்துகொண்டார். அந்த வருடம்தான் எங்கள் தொழிற்சாலையில் ஜப்பான் முறை என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வேண்டாத பொருளின் மேல் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைக்க வேண்டும். நாங்கள் அந்த முறையில் இறங்கினோம். ரேடியேட்டருக்கு அட்டை கட்டினோம், சீட்டுக்குக் கட்டினோம், தரைப் பலகைக்குக் கட்டினோம். கடைசியில் அட்டை கட்டாத இடம் பாகல் கொடி மட்டும்தான். பிறகு கூட்டம் போட்டு, பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, மூலகாரணம் என்ன என்று ஆராய்ந்தோம். வண்டி பழசு என்ற முடிவுக்கு வந்தோம்.

பல மாதங்கள் கழித்து எங்கள் உழைப்புக்கு அடையாளமாக ஒரு கதவு மிஞ்சியது. அதைச் சுரண்டித் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்திருந்தோம். மற்ற பக்கமெல்லாம் துருவாக, அந்தக் கதவு மட்டும் திருவிழாவுக்குக் கிளம்பியதுபோல் இருந்தது.

சரி பண்ணி என்ன செய்யப் போகிறீர்கள் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். வாடகைக்கு விடலாம் என்றேன். யார் ஓட்டுவது என்றாள். எனக்குக் கார்கூட ஓட்டத் தெரியாது. அந்தக் கேள்வியை நானும் நண்பரும் எந்தக் கூட்டத்திலும் எழுப்பியிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஓட்டல் திறக்கப் போகிறாராம். வாசலில் நிறுத்த ஒரு பழைய லாரி வேண்டுமாம், வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லாரியைச் சுற்றி வந்தார். துருவைத் தடவித் தடவிப் பார்த்தார். தன் பாட்டனார் வீட்டுக்கு வந்ததுபோல் முகம் மலர்ந்தது. பச்சைக் கதவுப் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கதவை யார் சார் கெடுத்தது?"

நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் பாகல் கொடியைப் பார்த்தார்.

காயலான் கடைக்காரர் கனவிலும் கேட்க முடியாத விலையை அவர் சொன்னார். ஒரே நிபந்தனை, இனிமேல் நாங்கள் லாரியைத் தொடக்கூடாது. அந்தக் கதவில் மட்டும் பெயின்ட்டை எடுத்து மறுபடி துருவை வரவழைக்க முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்றார் நண்பர். அடுத்த ஞாயிறு பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி ஈரச் சாக்கைப் போர்த்தினோம். சில நாட்களில் அருமையான துரு பிடித்தது. அந்த லாரியில் நாங்கள் தொடங்கி முடித்த ஒரே வேலை அதுதான்.

விற்பதற்கு முன்னால் மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. எத்தனை வருடம் வைத்துக் காப்பாற்றிய வண்டி, அதைப் போய் ஓட்டல் வாசலில் பொம்மையாக நிறுத்துவதா என்று அவர் வருத்தப்படுவார் என நினைத்தேன். சொல்லி அனுப்பியதும் வந்தார். காபி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, விலையை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"குடுக்கறான்னா வாங்கிக்க வேண்டியதுதான, மாப்ள. இதுல என்னைக் கேக்க என்னா இருக்குது?"

"இல்ல மாமா, உங்க ஞாபகமா இருந்த வண்டி."

அவர் சிரித்தார். ஒரு தக்காளி சீசனில் அது மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றதையும், லோடு மொத்தமும் ரோட்டோரம் அழுகி மாட்டுக்குப் போனதையும் சொன்னார். அன்றைக்கே அதைத் தலைமுழுக நினைத்தாராம். காயலான் கடைக்காரனையும் கூப்பிட்டாகிவிட்டதாம்.

"தரகன்தான் நிறுத்துனான். பொண்ணு இருக்கற வூடு, லாரி இருக்குதுன்னு சொன்னா எடுப்பா இருக்கும்னான். அது நின்னதாலதான மாப்ள உங்க சம்மந்தமே வந்துது."

இதைத் தன் சாமர்த்தியமாகத்தான் சொன்னார். என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

அவள் பிளஸ் டூ முடித்ததும் பர்கூரில் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் தினமும் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டவர் இவர். பிறகு கோவில்பட்டிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார். இதை அவள் என்னிடம் ஒரே ஒருமுறை, ஏதோ வேலைக்கு நடுவில் சொல்லியிருந்தாள்.

"அப்ப லாரியக் காட்டித்தான் என்னைத் தள்ளி வுட்டீங்களாப்பா?"

அவர் தெலுங்கில் ஏதோ சமாதானம் சொன்னார். அவள் தெலுங்குக்கு வரவில்லை. அந்தத் துருவை நிறுத்தி வைத்த இடத்தில் தன்னையும் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று தமிழிலேயே சொன்னாள். நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று நான் வாயைத் திறந்தேன். நாங்கள் லாரிக்காக வரவில்லை என்றேன்.

"உங்கப்பா எதுக்கு வந்தாரு?" என்றாள்.

நான் காபியைக் குடித்தேன்.

பிறகு அவளே முடிவைச் சொன்னாள். "ஓட்டலுக்கு வேணாங்க. கிருஷ்ணகிரிக்குப் போறப்பல்லாம் பஸ் ஜன்னல்ல அதைப் பாத்துக்கினே என்னால போவ முடியாது. எடைக்குப் போட்டுடுங்க."

அதிகம் துடித்தவர் மாமனார்தான். இவ்வளவு விலை வித்தியாசத்தை யாராவது வேண்டாம் என்பார்களா என்று மூன்று மொழியிலும் கேட்டார். பெங்களூர்க்காரர் போனில் விலையை ஏற்றினார். அப்புறம் எனக்குப் பாரம்பரியத்தின் அருமை தெரியவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நண்பர், உப்புத் தண்ணீர் வீணாகிவிட்டதே என்றார். நான் மனைவியின் பக்கம் உறுதியாக நின்றேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கிறதே என்ற நிம்மதியும் அதில் பாதி.

காயலான் கடைக்காரர் இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரோடு வந்தார். நாங்கள் மாதக்கணக்கில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற முடியாத வண்டியை மதியத்துக்குள் துண்டு துண்டாக்கிவிட்டார். என் மனைவி அன்று சமைக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, மூக்கு தனியாக விழுந்தது முதல் கடைசித் துண்டை ஏற்றியது வரை பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. புரோட்டா வாங்கி வரச் சொன்னாள். இருவரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது, திங்கட்கிழமை போய்ச் சேரப் போகிறேன் என்றாள். அதை என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

மாமனார் சில மாதங்கள் வரவே இல்லை. பிறகு ஒருநாள் தக்காளிக் கூடையோடு வந்தார். அந்த வாரம் மண்டியில் தக்காளி விலை படுத்துவிட்டதால் கூடை நிறையவே இருந்தது. என் மனைவி வகுப்பு முடிந்து வந்து அவரைப் பார்த்தாள். கூடையை உள்ளே எடுத்துப் போனாள். அவரும் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இருவரும் தெலுங்கில் பேசத் தொடங்கினார்கள்.