கை நனைக்க வந்தவர்கள்

அப்பாவின் குரல்வளையை எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உறுவையாற்றிலிருந்து அக்காவின் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. சம்பந்தம் உறுதியாகும்வரை எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது.

இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா உட்காரவில்லை.

"உங்க வூட்டுக்காரரு நோவு பொறவியிலயே ரத்தத்துல இருந்துச்சாமே. பொண்ணுக்கும் வராதுன்னு இன்னா நிச்சயம்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இது சித்தப்பாவின் கைங்கரியம். ஆஸ்பத்திரிக்கு அவரும் நானும்தான் அப்பாவோடு போயிருந்தோம். அங்கே ஓர் இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்களை வளரச் சொல்லும் ஜீன்கள் பிறவியிலேயே எல்லோர் உடம்பிலும் உண்டு, புண் ஆறுவதற்குக்கூட அவை வேண்டும், வேலை முடிந்தால் அடங்கிவிடும். வருஷக்கணக்காகப் புகை பட்ட தொண்டையில் சில ஜீன்கள் கெட்டு, அடங்காமல் 'வளர், வளர்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதுதான் புற்றுநோய்க் கட்டி என்றார். சித்தப்பா 'பிறவியிலேயே' வரை கேட்டுக்கொண்டார். அதை மட்டும் பாகூர் டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டார். நல்ல மனுஷர்தான், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

"அந்த ஜீன் உங்களுக்கும் இருக்கு அத்தை" என்றேன்.

"இன்னாடி சொல்ற? எங்க வம்சத்துலயும் நோவு இருக்குதுன்றியா?"

அம்மா என் கையைக் கிள்ளினார். நான் விடவில்லை. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுவது கேட்டது.

"அது நோவு இல்ல அத்தை. எல்லார் கொல்லையிலயும் மோட்டார் இருக்குதுல்ல? சுவிட்ச் கெட்டு நிக்காம ஓடினாதான் பயிர் அழுவிப் போவும். அப்பாவுக்கு சுவிட்ச்ச கெடுத்தது சுருட்டு. அவரு தொண்டையில கெட்டது அக்காவுக்கு எப்பிடி வரும்?"

"பொண்ணு சொல்றது ஞாயந்தான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. வந்ததிலிருந்து அப்போதுதான் வாய் திறந்தார்.

மூலையில் துண்டைக் கழுத்தில் சுற்றி உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையின் அப்பா பெண் பார்க்க வந்தபோது கணீரென்று பேசியவர். இப்போது சருகை மிதித்தது போன்ற குரல். ஆபரேஷனுக்கு முன்பு அப்பாவின் குரல் அப்படித்தான் இருந்தது.

அப்பா எழுந்துபோய் அவர் முன்னால் நின்றார். பேசுங்கள் என்று கையைக் காட்டினார்.

"இன்னா சம்மந்தி?"

அப்பா என்னைப் பார்த்தார். கேட்கச் சொல்கிறார் என்று புரிந்தது.

"தொண்டை எத்தினி நாளா இப்பிடி இருக்குது மாமா?"

"பொங்கல்லேருந்து. பனி ஒத்துக்கல, சளிதான்."

"கசாயம் வெச்சுக் குடுத்தும் போவல…" என்று ஆரம்பித்த அத்தை, பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண் கணவரின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சுருட்டுக்குப் போயிற்று.

அப்பா துண்டை அவிழ்த்தார். கழுத்துத் துளையில் மூச்சு கரகரவென்று போய்வந்தது. கிளம்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா வெகுநேரம் அந்தத் துளையைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். முதல் கவளம் இறங்கவில்லை. கண்ணை இறுக மூடி விழுங்கினார். அத்தையும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

அம்மாவிடமிருந்து ரசச் சொம்பை வாங்கிய அப்பா, சம்பந்தியின் இலையில் சோறு குழைந்து தொண்டையில் இறங்கும்படி நிறைய ஊற்றினார்.