சாட்சி நேரத்தில் கேட்டதை எழுதினேன்

“…அதெல்லாம் சரி தம்பி, கீழ சின்ன எழுத்துல இன்னாவோ கீதே, அத்தயும் படி” என்றார் அக்கா, சோப்பு நுரை வழிகிற விரலால் என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டி.

“அது ஒண்ணுமில்லக்கா. படிச்சவங்க எழுதிப் போட்டது.”

“ஒண்ணுமில்லாததையா இம்மாந் தூரம் எழுதுவாங்க? படி.”

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்திருந்தால், அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. இன்னும் இருபது நாளில் நான் மஸ்கட்டில் இருப்பேன். பிறகு யார் கேட்கப்போகிறார்கள்?

அவர் வீட்டு வாசலில் அந்தக் காகிதத்தோடு போய் நான் ஏன் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் இருந்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அடித்து அடித்து வந்தது. அதில் தமிழும் அடிக்கலாம் என்று கேள்விப்பட்டதும் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்குத் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. ஒரு நாள் ‘அ’ அடித்தேன், ‘அ’வாகவே வந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வலைப்பூ அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

எனக்குக் கதை கட்ட வராது. ஜனங்கள் பேசுவதைக் கேட்க வரும். எண்ணூர் சாலையில் ட்ரெய்லர் லாரிகள் நாள்கணக்கில் நகராமல் நிற்குமே, அதில் ஒரு டிரைவர் என்னிடம், “எங்கூட்ல நான் கீறது ரேசன் கார்டுல மட்டுந்தான் சார்” என்றார். மீன் வாங்கப் போன இடத்தில், செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்த ஒரு அம்மாவிடம் கூடைக்காரம்மா, “அது செத்துப் படுத்துனு கீதும்மா, நீ வேற இன்னாத்துக்குத் தட்டித் தட்டி எழுப்பறே” என்றார். இதையெல்லாம் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் அடித்து ஏற்றிவிடுவேன். அமெரிக்காவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் யார் யாரோ படித்துவிட்டு, ‘ஊர் வாசனை அடிக்கிறது’ என்று பின்னூட்டம் போடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால்கூடக் கால் வலிக்காது.

எனக்கு அதிகமாகக் கிடைத்தது சபையில்தான். எர்ணாவூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம், அதுதான் எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வெளியே நாலு வார்த்தை பேசாதவர்கள்கூட அங்கே மனதில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். குடித்துவிட்டு வந்து அடித்த புருஷன், கலைந்த கர்ப்பம், வேலையில் சொன்ன பொய் எல்லாம் வரும். அங்கே சொன்னது அந்தக் கூரையைத் தாண்டாது. தாண்டக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

“ஜெபத்துல எல்லாரும் கண்ண மூடிக்கறாங்க, நீ காதத் தொறந்து வெச்சிகினு உக்காந்துகீறே” என்பாள் என் மனைவி.

இந்த அக்கா சபையில் பாயில் அவள் பக்கத்தில்தான் உட்காருவார். அவர் கணவர் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆபரேட்டர். லாரியிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற ராட்சத வண்டியை ஓட்டுபவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். முன்பு வெல்டிங் வேலை பார்த்தபோது பொறி தெறித்து வலது கண்ணில் பார்வை போய்விட்டது. பார்த்தால் தெரியாது. சபையில் எல்லோருக்கும் தெரியும், யார்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு அக்கா எழுந்தார்.

“வருசா வருசம் கண்ணு டெஸ்ட்டு வெப்பாங்க. இந்த வருசமும் வெச்சாங்க. எடது கண்ண மூடுன்னாரு டாக்டரு. இவரு வலது கண்ண மூடிகினாரு. வலது கண்ண மூடுன்னாரு. இவரு கைய மட்டும் மாத்திகினு அதே கண்ணத்தான் மூடிகினாரு. டாக்டரு தலையக் குனிஞ்சி எழுதிகினே இருந்தாரு. என் ஆண்டவரு டாக்டரு கண்ணக் கட்டி, எங்கூட்டுக்காரரு கண்ணத் தொறந்தாரு. ஸ்தோத்திரம்.”

கூடமே சிரித்தது. பிறகு கைதட்டியது. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் தட்டினேன். கடைசி வாசகத்தை மறந்துவிடக்கூடாது என்று பாட்டுப் புத்தகத்தின் பின்அட்டையில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அதை வலைப்பூவில் ஏற்றினேன். பெயர் போடவில்லை, யார்டு போடவில்லை. ஆனால் எர்ணாவூர்ப் பக்கம் என்று போட்டேன், வெல்டிங் பொறியைப் போட்டேன், கை மாற்றியதை ரசித்து ரசித்துப் போட்டேன். அதுவரை நான் எழுதியதில் எதற்கும் அத்தனை பின்னூட்டம் வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட் வேலையும் கூடிவந்தது. எங்கள் ஆபீசில் முன்பு இருந்த ஒருவர் அங்கே ஒரு துறைமுகத்தில் இருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி பார்த்துவைத்திருந்தார். காலையில் ஆபீஸ், மத்தியானம் வலைப்பூ, சாயங்காலம் ஏஜென்ட் வீட்டு மாடிப்படி, வெள்ளிக்கிழமை எனக்காகச் சபையில் உபவாச ஜெபம். எனக்காக மற்றவர்கள் பட்டினி கிடந்து ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பதிவுக்குத் தலைப்பு யோசித்திருக்கிறேன். இதை இப்போதுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

விசா வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சரக்கு விஷயமாக அந்த யார்டுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் எனக்குத் தோஸ்து. ஆளைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

“மாமு, இத்தப் படிச்சியா? எவனோ நெட்டுல எழுதிகீறான். மேனேஜரோட மச்சான் சிங்கப்பூர்ல கீறாரு, ‘உன் யார்டான்னு பாரு’ன்னு அனுப்பிகீறாரு. மேனேஜரு பேஜாராய்ட்டாரு. செவ்வாக்கெழம ஆபரேட்டருங்க எல்லாருக்கும் மறுபடி கண்ணு டெஸ்ட்டு, முன்னாடியே யாருக்கும் சொல்லப் போறதில்ல. இந்த வாட்டி மெஷினு வெச்சிப் பாப்பாங்களாம். கைய மாத்தறதெல்லாம் வேலைக்கி ஆவாது.”

என் தலைப்பு, என் வாசகம், என் முற்றுப்புள்ளி.

“யாரு எழுதுனதாம்?” என்று கேட்டேன்.

“எவனோ வேலையத்தவன்.”

கண்ணாடிக்கு வெளியே பூமி அதிர்ந்தது. அண்ணன் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எந்தக் கண்ணால் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை. நேராக பிரவுசிங் சென்டர். பதிவைப் பின்னூட்டங்களோடு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அழித்தேன். அழிந்தது. ஆனால் பதிவுகளைத் திரட்டிக் காட்டுகிற பக்கத்தில் முதல் பத்து வரி அப்படியே நின்றது. இன்னொருவர் ‘படித்ததில் பிடித்தது’ என்று தன் வலைப்பூவில் முழுசாக ஒட்டியிருந்தார். எடுத்துவிடச் சொல்லி அவருக்கு மெயில் போட்டேன். ‘இவ்வளவு நல்ல பதிவை ஏன் சார் அழிக்க வேண்டும்?’ என்று உடனே பதில் வந்தது. சபையிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்ததைத் திருப்பி வாங்க எனக்குக் கை எட்டவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு மனுஷரின் வேலையைத் தின்றுவிட்டோமே என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். கூடவே இன்னொரு நினைப்பும் ஓடியது: புனைபெயர்தானே, என்னை யாருக்குத் தெரியும்?

ஞாயிறு வந்தது. சாட்சி நேரத்தில் அக்காதான் முதலில் எழுந்தார்.

“தம்பிக்கி விசா வந்துட்சி. மூணு வெள்ளிக்கெழம உபவாசம் இருந்தேன், ஆண்டவரு என் வவுத்துக்கு மரியாத குடுத்துட்டாரு. ஸ்தோத்திரம்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “தம்பி, நீங்களும் ஒரு வார்த்தை” என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார். எழுந்தேன். மைக் என் மூச்சைப் பெரிதாக்கிக் கூடம் முழுக்கக் கேட்க வைத்தது. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“சந்தோசத்துல தம்பிக்குப் பேச்சு வரல” என்றார் பாஸ்டர்.

மத்தியானம் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உன் பேரு யாருக்காச்சும் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னு நீ ஏறிப் பூடுவே. அவங்க பக்கத்துல பாயில உக்காரப் போறவ நானு. நாளைக்கே போய்ச் சொல்லிடு. டெஸ்ட்டு வெக்கறாங்கன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்.”

அப்படித்தான் திங்கட்கிழமை மத்தியானம் எர்ணாவூர் குடியிருப்பில், இரண்டாவது மாடி வராந்தாவில், அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு இரண்டு மணி ஷிப்ட். வராந்தாக் கடைசியில் இருந்த குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கதவோரம் ஸ்டூலில் அவருடைய யூனிபாரம், நீலச் சட்டை, மடித்து வைத்திருந்தது.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான் சொன்னதையா எழுதுனே? எங்க, படிச்சிக் காட்டு.”

படித்தேன். கடைசி வாசகம் வந்ததும் சிரித்துவிட்டார். “நான் சொன்னா மாரியே கீது” என்றார். பிறகுதான் யார்டையும் செவ்வாய்க்கிழமையையும் மெஷினையும் சொன்னேன். பிழிந்துகொண்டிருந்த துணி அவர் கையில் அப்படியே நின்றது.

“வெல்டிங்கும் பூட்சி. இதுவும் பூட்சின்னா இந்த மன்சன் எங்க போவாரு தம்பி? ரெண்டு புள்ளைங்க இஸ்கூல் போவுதுங்க.”

“என்ன மன்னிச்சிடுங்கக்கா.”

“இரு, இரு.” அவர் கண் அங்கும் இங்கும் அலைந்தது. “நாளைக்கி லீவு போடச் சொல்றேன். வவுத்தால போவுதுன்னு சொல்லிக்கலாம். அடுத்த வாரம் அவங்களே மறந்துடுவாங்க. இன்னிக்கி எப்பவும் போல போய்ட்டு வரட்டும், சந்தேகம் வராது. யூனிபாரம்கூட ஒண்ணுதான் நல்லா கீது, அதப் போட்டாத்தான் கேட்ல உடறான், நேத்தே தோச்சி வெச்சேன்…” என்று என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டே வந்தவருடைய பார்வை என் கையிலிருந்த காகிதத்துக்கு வந்தது. அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்தையும் படிக்கச் சொன்னார்.

பின்னூட்டங்களில் இருந்த பாராட்டுகளைப் படித்தேன். நடுவில் ஒன்றை விட்டேன். அவர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். “இத்த உட்டுட்டே” என்றார்.

படித்தேன்.

‘அண்ணா, எங்கள் நைனாவும் சென்னையில் ஒரு யார்டில்தான் வேலை செய்கிறார். வண்டி கன்டெய்னரை லாரியில் இறக்கும்போது கீழே நின்று பூட்டு மாட்டுகிற வேலை. நான் துபாயில் இருக்கிறேன். இது எந்த யார்டு என்று சொல்லுங்கள்.’

“அப்பறம்?”

‘அண்ணா, நேற்று கேட்டிருந்தேன். ஆள் பெயர் வேண்டாம். யார்டு மட்டும் போதும்.’

“அப்பறம்?”

‘அண்ணா, நைனா போன் எடுக்கவில்லை. வேலையில் இருப்பார் என்று தெரியும். இருந்தாலும் பயமாக இருக்கிறது.’

“நீ இன்னா பதிலு சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலக்கா.”

அக்கா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நனைந்து, எழுத்தெல்லாம் ஊதிப்போயிருந்தது.

“இவரு வண்டிக்கிக் கீழயும் ரெண்டு பேரு நிப்பாங்க” என்றார். “ஒர்த்தரு வயசானவரு. இவருக்கு டீ வாங்கியாந்து குடுப்பாராம். எப்பவும் வலது பக்கந்தான் நிப்பாருன்னு சொல்லுவாரு.”

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணன் வந்தார். “வாப்பா மஸ்கட்டு, எப்ப ஏத்தி உடறாங்க உன்னிய?” என்று என் தோளில் ஈரக்கையால் தட்டினார். அக்காவிடம், “மணி ஆய்ட்சி, சட்டய எடு” என்றார்.

அக்கா எழுந்து போய் ஸ்டூலிலிருந்த நீலச் சட்டையை எடுத்தார். மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து, சோப்புத் தண்ணீர் பக்கெட்டில் போட்டு, முழங்கை வரை இறக்கி அமுக்கினார்.