மிச்சம் வைக்காத பாட்டில்

ஒயினை ஊற்றுவதற்கு முன்னால் அண்ணி காலி கிளாஸை மோந்து பார்ப்பார். முதலில் அதன் காம்பைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போகிறவர் போல உள்ளே "ஹா" என்று ஊதுவார். படிந்த ஆவி ஓரத்திலிருந்து விலகி நடுவில் ஒரு புள்ளியாகி மறையும்வரை காத்திருப்பார். அப்புறம்தான் மூக்கை நுழைத்து இழுப்பார். "துணி வாசம்" என்றால் கிளாஸ் கழுவப் போகும். "இதுல யாரோ ஜூஸ் குடிச்சிருக்காங்க" என்றாலும் போகும். "ஒண்ணுமில்ல" என்றால்தான் பாட்டிலைத் திறக்கலாம். ஒன்றுமில்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற வேறொருவரை நான் பார்த்ததில்லை.

அண்ணி எங்கள் முதலாளியுடைய அண்ணனின் மனைவி. முதலாளி அப்படிக் கூப்பிடுவதால் கடையில் எல்லோருக்குமே அவர் அண்ணிதான், அவரைவிட மூத்தவரான லாரி டிரைவருக்கும். கடைக்கு வருவதற்கு முன் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் போகிற சோப்பில் வாசனை கொஞ்சம் பிசகினாலும் கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை நிமிர்ந்து பார்ப்பாராம். அந்த மூக்கை நம்பித்தான் முதலாளி அவரை ஒயின் கடையின் பின்னறையில் கொண்டுவந்து உட்காரவைத்தார். கிடங்குக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கும் குறுகிய அறை அது. ஒரு எஃகு மேசை, திறக்க வராத ஒரு ஜன்னல், துப்புவதற்கு ஒரு நீல வாளி. வாசனைத் தெளிப்பான் அடித்துக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. "என்னப்பா, பூக்கடை நடந்து வருது?" என்று உள்ளிருந்தே குரல் வரும்.

எனக்கு அங்கே வேலை, பாட்டிலுக்குக் கீழே அலமாரியில் செருகும் சின்ன அட்டைகளுக்கு வாசகம் எழுதுவது. அண்ணி சொல்வார், நான் எழுதுவேன். ஆனால் அவர் சொல்வதை அப்படியே எழுத முடியாது. "இஸ்திரிப் பெட்டி சூடாகிற வாசம்." "மழைல நனஞ்ச அட்டைப்பெட்டி." "வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பவே மாட்டேங்கிறாரு, அந்த மாதிரி ஒரு இனிப்பு." ஒருமுறை நானாக 'அந்தியின் விளிம்பில் ஒரு புகை தயங்கி நிற்கிறது' என்று எழுதிக்கொடுத்தேன். அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எழுத்தாளரே, இது குடிக்கிற பொருள். யாரு செத்துட்டாங்கன்னு இப்படி எழுதியிருக்கீங்க?"

கடைக்கு வெளியே நான் எழுதுவது எதையும் அவர் படிப்பதில்லை. "அட்டையிலயே இப்படின்னா பக்கம் பக்கமா எப்படியோ" என்று விட்டுவிட்டார். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தென்னாப்பிரிக்கச் சிவப்பு ஒயின் வந்தது ஒரு மழைக்காலத்தில். பினோடாஜ், ஷிராஸ், சின்சோ என்று மூன்று வகைத் திராட்சைகளின் ஒயின்களைக் கலந்தது. லேபிளில் ஒரு மலையும், மலையைவிடப் பெரிதாக ஒரு பறவையும். தக்கை கிடையாது, திருகுமூடிதான். எங்கள் கடையில் மிகவும் மலிவான வரிசைக்கு அடுத்த வரிசையில் நிற்கவேண்டிய சரக்கு. பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அதுதான் எங்கள் தினசரிச் சிவப்பு. பிடிக்காமல் போனால் கிடங்கில் பாதி இடத்தை அது அடைத்துக்கொண்டு கிடக்கும். ஏஜென்ட் சில சாம்பிள் பாட்டில்களை அனுப்பியிருந்தார்.

சாதாரண நாளாக இருந்தால் அண்ணி அதை மத்தியானத்துக்குள் முடித்திருப்பார். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அவர் சரி என்று சொன்ன ஒரு வெள்ளை ஒயின் தூசி படிந்து நின்றது. வேண்டாம் என்று சொன்ன ஒரு சிவப்பு எதிர்க்கடையில் பறந்தது. முதலாளி கோபப்படவில்லை. பாசமாகப் பேசினார், அதுதான் மோசம்.

"இந்தத் தடவையும் சறுக்கிச்சுன்னா, இனிமே ஏஜென்ட் அனுப்புற ஸ்டார் மார்க்கைப் பாத்தே வாங்கிடலாம் அண்ணி. நீங்களும் எவ்வளவு நாள்தான் வாயில ஊத்தி ஊத்தித் துப்பிட்டிருப்பீங்க? வீட்ல நிம்மதியா கால நீட்டி உக்காருங்க."

"அதுவும் சரிதான் தம்பி" என்றார் அண்ணி. முதலாளி போனதும் சுத்தமாகவே இருந்த மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். "கால நீட்டணுமாம். எங்க வீட்டு ஹால்ல நான் கால நீட்டினா எங்க வீட்டுக்காரர் காலு வாசலுக்குப் போயிடும்."

முதல் பாட்டிலைத் திறந்தார். சுற்றினார், மோந்தார், ஒரு வாய் எடுத்து உள்ளே உருட்டினார். வாளியில் துப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல நல்லாத்தான் வருது. பிளம் பழம், நல்லாப் பழுத்தது. அப்புறம் கொஞ்சம் புகை. சரி, பரவால்ல, உள்ள வான்னு சொல்றோம். நடுவுல ஆளைக் காணோம். கடைசில திரும்பி வருது, கையில ரப்பர் செருப்போட."

"எழுதிக்கவா?"

"எதை எழுதுவீங்க? ஆளைக் காணோம்னா?"

மறுநாள் வேறொரு பாட்டில். "ரப்பரே இல்லையே. காபி வருது. அப்ப நேத்து வந்தது யாரு?" அதற்கடுத்த நாள் வாழைப்பழத்தோல் வந்தது. அண்ணிக்கு ஒரே ஒயினைப் பற்றி இப்படி மாற்றி மாற்றிப் பேசி வழக்கமில்லை. பென்சிலைச் சீவி அந்தச் சுருளை மோந்து பார்த்தார். கைகழுவும் சோப்பை மோந்து பார்த்தார். உப்பைக் கொஞ்சம் நாக்கில் வைத்துக்கொண்டு, "உப்பு உப்பாத்தான் இருக்கு" என்று தனக்கே சாட்சி சொன்னார். கடைசியில் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க எழுத்தாளரே."

நான் வாயில் வைத்துக்கொண்டு யோசித்தேன். யாரோ கோபித்துக்கொண்டு வெளியேறிய பிறகு அந்த அறையில் மிஞ்சுகிற அமைதி மாதிரி இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மொதல்ல துப்புங்க. அப்புறம் பேசுங்க" என்றார். துப்பிய பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்குத்தான் அண்ணி தன்னுடைய இன்னொரு முறையை எனக்குச் சொன்னார். ருசி பார்த்து மிச்சமிருக்கும் பாட்டிலை மூடி வீட்டுக்கு எடுத்துப்போவார். ராத்திரிச் சாப்பாட்டோடு தானும் ஒரு வாய் குடிப்பார். சாப்பாட்டோடு சேரும்போது ஒயின் வேறு ஆளாகிவிடும் என்பது அவர் கட்சி. பிறகு பாட்டிலைப் பெரியவர் முன்னால் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் குளிக்கப் போய்விடுவார். பெரியவர் என்பது அவர் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திராட்சைக்கு ஜாதி உண்டென்று சொன்னால் சிரிப்பார். காலையில் அண்ணி எழுந்ததும் முதல் வேலையாகப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். காலியாக இருந்தால் நல்ல ஒயின். பாதி நின்றால் சுமார். கொஞ்சம்தான் குறைந்திருந்தால் கடைக்கு ஆகாது.

"நம்ம கடைக்கு வர்றவங்க என்ன, என்னை மாதிரி மோந்து பாத்துட்டு நிக்கவா போறாங்க? அவரு மாதிரிதான். டிவி பாத்துக்கிட்டே குடிப்பாங்க. நல்லா இருந்தா கை தானா பாட்டில்கிட்டப் போகும். நாக்கு பெருமைக்கு ஏதாவது சொல்லும் எழுத்தாளரே. பாட்டிலுக்கு என்ன பெருமை?"

"உங்க நாக்கும் அவர் பாட்டிலும் ஒத்துப்போகாம இருந்திருக்கா?"

"இல்லையே. நான் என்ன நினைச்சேனோ, காலைல பாட்டில் அதையே சொல்லும். அதனாலதான எனக்குத் தைரியம்."

இந்த ஒயினில்தான் அது முறிந்தது. நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலோ ஒவ்வொரு காலையும் சுத்தமாகக் காலி. ரப்பர் வந்த பாட்டிலும் காலி, வாழைப்பழத்தோல் வந்த பாட்டிலும் காலி. "கவுத்து வச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு விழல" என்று வந்து சொன்னார் அண்ணி. நல்ல செய்தி சொல்பவர் முகமாக அது இல்லை. "அவருக்கு இவ்வளவு பிடிச்சது எனக்கு ஏன் பிடிபட மாட்டேங்குது? மூக்குக்கு வயசாயிடுச்சோ என்னமோ."

வார இறுதியில் முதலாளி பின்னறை வாசலில் வந்து நின்றார். கையில் போன், உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தியிருந்தார்.

"அண்ணி, ஏஜென்ட் லைன்ல இருக்கான். கப்பல்ல ஏத்தணுமாம். ஆமாவா, இல்லையா?"

அண்ணி கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாளியைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எடுங்க தம்பி."

"நல்லா இருக்குல்ல?"

"முடிஞ்சிடுது."

"நல்லா இருக்கான்னு கேட்டேன் அண்ணி."

"அதைத்தான் சொல்றேன். பாட்டில் முடிஞ்சிடுது."

முதலாளி போனைக் காதுக்குக் கொண்டுபோய், "நல்லா இருக்காம்" என்றார்.

அட்டைக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோதும் அண்ணியிடம் அதற்குமேல் பெயரவில்லை. கடைசியில் 'பிளம், புகை. சீக்கிரம் முடிந்துவிடும்' என்று எழுதிச் செருகினேன். நான் எழுதிய அட்டைகளிலேயே அண்ணி திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

சரக்கு வந்தது, விற்றது. எப்படி விற்றது என்றால் அதற்கும் நேரான பதில் கிடையாது. அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு வாங்கினார்கள் சிலர். மறுவாரமே திரும்பி வந்து கைக்கொன்றாக எடுத்துப்போனார்கள் சிலர். ஒரு பெண்மணி பாதி பாட்டிலோடு வந்து, "எங்களுக்கு முடியவே இல்லையே" என்று மேசைமேல் வைத்தார். ஆனால் கிடங்கு அடைபடவில்லை. ஸ்டார் பேச்சை முதலாளி மறந்துவிட்டார், அல்லது மறந்தவர் போல இருந்தார். அண்ணி மட்டும் அந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பாட்டிலை எடுத்து, லேபிளைப் படித்து, திரும்ப வைத்துவிட்டு வருவார். பேர் ஞாபகம் வராத சொந்தக்காரரைத் தெருவில் பார்த்தவர் போல.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கொடுத்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போனேன். பெரியவர்தான் கதவைத் திறந்தார். "அவ குளிக்கிறா. உள்ள வா தம்பி" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சமையலறைக்குத் திரும்பினார். நானும் பின்னாலேயே போனேன். தொட்டிக் குழாயை நூல் போலத் திறந்துவிட்டு, அதற்கடியில் அன்றைய சாம்பிள் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், பழகிய கை. என்னைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை. புருவத்தால் குளியலறைப் பக்கம் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வயித்துப்புண்ணு தம்பி. சொட்டுகூடக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். ரொம்ப நாளாச்சு."

"அண்ணிகிட்ட சொல்லலையா?"

"சொல்லிட்டா? அப்புறம் அவ யாரைக் கேப்பா? எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டு ஊத்திக் குடுப்பாளா?"

எவ்வளவு ஊற்றுவது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்று எப்படி முடிவு செய்வார் என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார்.

"சாப்பிடும்போது அவ ஒரு வாய் குடிப்பால்ல. அப்ப மூஞ்சியப் பாப்பேன். மலர்ந்துச்சுன்னா மொத்தமா கவுத்துடுவேன். சுளிச்சான்னா ஒரு கிளாஸோட நிறுத்திடுவேன். இத்தன வருஷமா பாக்குற மூஞ்சி, தெரியாதா?"

"அந்தத் தென்னாப்பிரிக்கா ஒயின்?"

பெரியவர் பாட்டிலை நிமிர்த்தினார்.

"அதுக்கு அவ மூஞ்சி ஒண்ணுமே புரியல தம்பி. ஒரு வாய் குடிச்சிட்டு அவளும் என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. வீட்ல உக்காருங்கன்னு என் தம்பி வேற சொல்லி வச்சிருந்தானா, படுத்தா புரண்டுக்கிட்டே இருந்தா. பாதி வச்சா பயந்துடுவாளேன்னு வர்றது வரட்டும்னு கவுத்துட்டேன்."

குளியலறையில் தண்ணீர் நின்றது. பெரியவர் குழாயை மூடினார். காலி பாட்டிலைத் திருகி மூடி, சாப்பாட்டு மேசையில் அண்ணியின் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். தன் கிளாஸில் விட்டுவைத்திருந்த கடைசிச் சொட்டை ஒரு சுற்றுச் சுற்றி, உள்பக்கமெல்லாம் சிவப்பாக வழியவிட்டார். பிறகு அதில் ஒரு விரலைத் தொட்டுக் கீழுதட்டில் தடவிக்கொண்டு, டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.